கோட்டை பங்களாவின் பின்பக்கம்

வகுப்பில் வாயே திறக்காத சுதர்ஷினி அன்று வாயைத் திறந்ததற்கு ஒரு திராட்சைத் தோட்டம்தான் காரணம்.

ஹட்டன் பஜாரில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில், வாரத்தில் மூன்று மாலைகள் சுற்றுலா வழிகாட்டி வகுப்பு நடந்தது. நடத்தியவர் முத்துலிங்கம் சேர். வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி நாடெல்லாம் சுற்றிக் காட்டி, முழங்கால் தேய்ந்த பிறகு வகுப்பெடுக்க உட்கார்ந்தவர். அன்று அவர் சுவரில் ஒரு படம் காட்டினார். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு மலைச்சரிவு. வரிசை பிடித்து நட்ட திராட்சைக் கொடிகள். நடுவில் பாதிக் கோபுரத்தோடு இடிந்து நிற்கும் ஒரு கோட்டை.

"இதப் பாக்க எங்கெங்கேயிருந்தோ ஆள் வாறான்," என்றார் சேர். "கூரை கெடையாது. கதவு கெடையாது. காசு குடுத்து உள்ள போயி, ஆகாயத்தப் பாத்துட்டு வெளிய வாறான். நம்மகிட்டயும் சரிவு இருக்கு, வரிசை வரிசையா தேயில இருக்கு. கோட்டைக்கு எங்க போறது?"

"எங்கப்பா கடை கோடவுனக் காட்டலாம் சேர்," என்றான் நிரஞ்சன். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. "அதுலயும் படுத்தா ஆகாயம் தெரியும்."

வகுப்பு சிரித்து முடியும்வரை காத்திருந்துதான் சுதர்ஷினி சொன்னாள்.

"இருக்கு சேர்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில், மானாமலைத் தோட்டத்தின் உச்சியில் ஒரு பங்களா இருப்பதைச் சொன்னாள். ஸ்கொட்லாந்துக்காரத் தொரை ஒருவர் தன் ஊர்க் கோட்டை மாதிரியே கருங்கல்லில் கட்டியது. பல் பல்லாக வெட்டிய மதிலும் ஒரு வட்டக் கோபுரமும் உண்டு. தீப்பிடித்துக் கூரை போய்ப் பல காலம் ஆகிறது. அங்கே கோட்டை பங்களா என்றுதான் சொல்வார்கள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் முன்வரிசையில் இருந்த ஹம்சினி. வகுப்பிலேயே இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவள் அவள்தான். தலையை அசைத்தால் காதில் சின்ன வளையங்கள் ஆடும். அம்மா ஹோட்டலில் வேலை என்பாள். எந்த ஹோட்டல், என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

"பஸ்ல போகயில பாத்திருக்கேன்," என்றாள் சுதர்ஷினி.

அது பொய். பஸ்ஸிலிருந்து பார்த்தால் கோட்டை பங்களா தெரியாது. அந்தத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் அவள் பிறந்தாள். அப்பா இறந்த பிறகு அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய்விட்டாள். மேல்கணக்கில் தேயிலை காடாகிப் போக, இருந்த குடும்பங்களும் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டன. சுதர்ஷினி இப்போது டிக்கோயாவில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். எந்த ஊர் என்று கேட்டால் டிக்கோயா என்பாள். வாடகைக்கு இருக்கிற ஊரும் ஒரு ஊர்தானே என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

சேருக்கு அந்த யோசனை பிடித்துப் போய்விட்டது. படிப்பின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு மாணவரும் வகுப்பு முழுவதையும் ஓரிடத்துக்குக் கூட்டிப் போய், தாமே வழிகாட்டியாக இருந்து சுற்றிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துச் சேர் புள்ளி போடுவார். அந்தப் புள்ளி இல்லாமல் சான்றிதழ் இல்லை. மற்றவர்கள் நீர்வீழ்ச்சியும் தேயிலைத் தொழிற்சாலையும் எடுத்துக்கொண்டார்கள். சுதர்ஷினிக்குக் கோட்டை பங்களா. எல்லோருக்கும் கடைசியாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமை.

அவளுடைய பயம் புள்ளியைப் பற்றியதல்ல. ஆட்கள் வருவார்களா என்பதுதான்.

அவள் கூப்பிட்டு யாரும் எங்கேயும் வந்ததில்லை. போன வருடம் தன் பிறந்தநாளுக்குக் கடையில் வேலை செய்யும் பெண்களை அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் வருவதாகத்தான் சொன்னார்கள். கோழி வாங்கி, பக்கத்து அறையில் பாய் இரவல் வாங்கி விரித்து வைத்திருந்தாள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு மாமா வந்துவிட்டார், ஒருத்தி மறந்தே போனாள். யார் மீதும் கோபப்பட முடியவில்லை. மீந்த சோற்றை மறுநாளும் அவளே சாப்பிட்டாள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

இப்போது கூப்பிட்டாக வேண்டும். தப்ப வழியில்லை.

எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. வகுப்புப் பயணம் இல்லாத ஞாயிறெல்லாம் தனியாகப் பஸ் ஏறி, குறுக்குப் பாதையில் ஏறி, பங்களாவைப் போய்ப் பார்த்தாள். அந்தப் பாதை ஆளில்லாத லயத்தை ஒட்டிப் போகும். தகரம் கழற்றப்பட்டுச் சுவர்கள் மட்டும் நிற்கும் ஓரறைக் காம்பராக்கள். தங்கள் காம்பரா எதுவென்று அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. முன்திண்ணை இஸ்தோப்பில் இருந்த அடுப்புக் கரியை வைத்து ஒரு நாள் கண்டுபிடித்தாள். மறுவாரம் வந்து பார்த்தபோது பக்கத்துக் காம்பராவிலும் அதே மாதிரிக் கரி இருந்தது. அதோடு தேடுவதை விட்டுவிட்டாள்.

லயத்தைத் தாண்டினால் பீலி. கல்லிலிருந்து மூங்கில் வழியாகக் கொட்டும் அந்தத் தண்ணீரில்தான் மேல்கணக்குப் பெண்கள் எல்லோரும் குளித்ததும் துவைத்ததும். பீலியிலிருந்து நாலைந்து படி ஏறினால் பங்களாவின் சமையற்கட்டான குசினியின் கதவு. கதவு என்று இப்போது ஒன்றுமில்லை, நிலை மட்டும் நிற்கிறது. சுதர்ஷினி அங்கிருந்து தொடங்கினாள். கரி போட்டு வைக்கும் அறை. ஆள் நிற்கும் அளவு பெரிய அடுப்பு. தொரைச்சானி மணியடித்தால் எந்த அறையிலிருந்து என்று காட்டும் கம்பிகள் போன துளைகள். சமைத்ததை உள்ளே நீட்டும் சிறு ஜன்னல். அதற்கப்பால் சாப்பாட்டறை, நடுவே ஒரு ஆலங்கன்று. பிறகு கோபுரத்துக்கு ஏறும் வளைந்த படி. கடைசியில் பெரிய மண்டபம். அதற்கு மேல் போக முடியாது. விழுந்த உத்தரங்களும் முட்செடிகளும் சேர்ந்து வேலி போட்ட மாதிரி அடைத்திருக்கும். அங்கே நின்று திரும்பிவிடுவாள். எல்லாவற்றையும் வரிசையாகத் தாளில் எழுதி, அறைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள். சொல்லும்போது நன்றாக இருக்கும். படுத்த பிறகு ஒவ்வொரு வரியும் தப்பென்று தோன்றும்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் வழியைச் சொல்லலாம் என்று எழுந்தாள்.

"பஸ் நிக்கிற எடத்துலேருந்து ஒரு குறுக்கு..."

"வழியெல்லாம் வேணாம்," என்றான் நிரஞ்சன், போனைத் தூக்கிக் காட்டியபடி. "இந்தா, மேப்புல விழுது. எங்க வேன எடுத்துட்டு வாறேன். சோறும் எங்க வீட்டுலேருந்துதான். நீ முன்னாலயே போயி நில்லு சுதா. ஆனா ஒண்ணு, தொரையோட ஆவி வந்துச்சுன்னா அதுக்கும் டிக்கெட் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேன் பாதையோரம் நிற்கும், எல்லோரும் தான் ஏறுவது போலவே ஏறி வருவார்கள் என்றுதான் அவள் மனதில் படம் ஓடியது. பங்களாவுக்கு முன்புறம் ஒரு கார் ரோடு உண்டு. அது மண் சரிந்து மூடிவிட்டதென்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். அதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தேவை வந்ததில்லை.

ஞாயிறு விடியும்போதே பனிமூட்டம் இறங்கியிருந்தது. முதல் பஸ்ஸில் போய் இறங்கி, பையில் கொண்டுபோன கத்தியால் படிகளில் மூடியிருந்த புல்லை அறுத்தாள். வழுக்கும் பாசியைச் சுரண்டினாள். சேருக்கு முழங்கால் வலி என்பதால், பிடித்து ஏற ஒரு கம்பை வெட்டிப் படியோரம் சாய்த்து வைத்தாள். பிறகு கைகாலைப் பீலியில் கழுவி, தலையை வாரி, குசினி நிலையருகே நின்றாள்.

யாரும் வரவில்லை.

பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். பீலித் தண்ணீர் மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை எங்கேயோ ஹோர்ன் சத்தம் கேட்டது. கொழுந்து ஏற்றும் லொறியாக இருக்கும். மூட்டத்தில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. மறுபடி கேட்டது. பிறகு நின்றுவிட்டது. போனை எடுத்துப் பார்த்தாள். கவரேஜ் இல்லை. அங்கே எப்போதும் இருந்ததில்லை.

முதலில் வேன் தாமதம் என்று நினைத்தாள். பிறகு, மழை வரும் போல இருக்கிறதே, வேண்டாமென்று விட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அதற்கும் பிறகு நினைக்க ஒன்றும் இருக்கவில்லை. தலைவலி, மாமா, மறதி. கடைசி ஞாயிறு. கடைசி ஆள். அதுவும் வாயில்லாத ஆள். யார்தான் வருவார்கள்? தானாயிருந்தால் வந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தாள். வந்திருப்பேன் என்றுதான் பதில் வந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கினாள். பிறகு நின்றாள். இவ்வளவு பழகியதை ஒரு தடவையாவது இந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. கேட்க ஆளில்லை என்பதால் வெட்கமும் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. "இது கரி அறை."

அறை அறையாகப் போனாள். அடுப்பின் முன் நின்று, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதில் ரொட்டி வெந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றாள். மணிக்கம்பித் துளைகளைக் கையை நீட்டிக் காட்டினாள். சேர் கேட்கக்கூடிய கேள்வியைத் தானே கேட்டு, தானே பதில் சொன்னாள். நிரஞ்சனின் பகிடிக்கும் ஓரிடத்தில் இடைவெளி விட்டாள். சாப்பாட்டறையில் ஆலங்கன்றின் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. இவ்வளவு நன்றாக அவள் ஒருபோதும் பேசியதில்லை. அது அவளுக்கே தெரிந்தது.

மண்டபத்தில் வந்து நின்று, "இதுக்கு மேல நாம போக முடியாது" என்று சொல்லும்போதுதான் அதைப் பார்த்தாள். உத்தரங்களுக்கும் முட்செடிகளுக்கும் அந்தப் பக்கம், மூட்டத்தில் ஒரு மஞ்சள் நிறம். பூவா என்று உற்றுப் பார்த்தாள். பூ இல்லை. பை. அவள் வேலை செய்யும் துணிக்கடையின் மஞ்சள் பை.

மதிலை ஒட்டிச் சுற்றிப் போனாள். மானாப்புல் இடுப்பளவு நனைத்தது. கோபுரத்தின் அடிவாரத்தைச் சுற்றி வளைந்ததும் புல் சட்டென்று முடிந்தது. காலடியில் சரளைக்கல். அதில் டயர் தடம். பக்கத்தில் தோடம்பழத் தோல், பிஸ்கட் உறை, ஈர மண்ணில் பல அளவுச் சப்பாத்துக் கால்தடங்கள். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்திருந்தன, நெடுநேரம் நின்ற ஆட்களுடைய கால்கள் போல.

வந்திருக்கிறார்கள்.

அவள் அப்படியே நின்றாள். கார் ரோடு மூடவில்லை. மூடியிருந்தாலும் யாரோ எப்போதோ திறந்துவிட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் டர்பன்டைன் மரங்கள் வரிசையாக மூட்டத்துக்குள் இறங்கிப் போயின. வேன் நேரே முன்வாசலுக்கு வந்திருக்கிறது. ஹோர்ன் அடித்திருக்கிறார்கள். கூப்பிட்டும் இருப்பார்கள். பீலித் தண்ணீர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஒரு மண்டபம் குறுக்கே இருக்க, அவர்கள் இந்தப் பக்கம் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

பங்களாவுக்கு வருகிறவர்கள் முன்பக்கமாக வருவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கூரை விழுந்து, தொரைமாரெல்லாம் போய், காவலுக்கு ஒரு நாய்கூட இல்லாத பிறகும் மேல்கணக்கில் யாரும் முன்பக்கம் வந்ததில்லை. யாரும் தடுத்ததுமில்லை. விறகுக்கு வந்தாலும் கொய்யா பறிக்க வந்தாலும் குசினிப் பக்கம்தான். இத்தனை ஞாயிறு இத்தனை கவனமாகப் படித்தவள், இந்த வீட்டுக்கு ஒரு முகம் உண்டென்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த முகம் இப்போது எதிரே நின்றது. அகலமான படிகள். மேலே வளைவான கல்வாசல். அதன் உச்சியில் இலைகள் செதுக்கிய ஒரு கேடயம். இரு புறமும் நெட்டை ஜன்னல்களின் வெற்றுக் குழிகள். அழகாகத்தான் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரு வரிகூட இருக்கவில்லை.

மஞ்சள் பை வாசல் ஓரத்து ஆணி ஒன்றில், நாய் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தது. எட்டி எடுத்தாள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பொட்டலம் ஒன்று. ஆளுக்கு ஒன்றென்று நிரஞ்சன் வீட்டில் கட்டியதில் அவளுக்கான பங்கு. தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது.

வராதவளுக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாமதமாக வந்தால் பசியோடு வருவாளே என்று யாரோ ஒருத்தர் யோசித்திருக்கிறார்.

பொட்டலத்தை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்த பிறகுதான் கால் சில்லென்று உறைத்தது. செருப்பு கீழே, முதல் படிக்குப் பக்கத்தில் சோடியாகக் கிடந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கிப் போய் அதை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறி வந்து உட்கார்ந்தாள். பருப்பு, பீன்ஸ், முட்டை, தேங்காய்ச் சம்பல். பாதி சாப்பிடும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே மீதியையும் சாப்பிட்டாள்.

பிறகு கார் ரோட்டில் இறங்கி நடந்தாள். மூன்றாவது வளைவில் பைக்குள் போன் உயிர் வந்து துடித்தது. எடுக்காத அழைப்புகள் திரை நிறைய இருந்தன. சேருடைய எண்ணை அழுத்தினாள்.

"என்னா பிள்ள!" என்றார் சேர் எடுத்த எடுப்பில். பின்னால் கிளாஸ் உரசும் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன. "எங்க போயிட்டீங்க? நாங்க நின்னு நின்னு பாத்துட்டு இப்பதான் நோட்டன் பிரிட்ஜ் வந்து தேத்தண்ணி குடிக்கிறோம். பஸ் வரலியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ரோட்டில் பஸ் வராததை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பொய்க்குச் சேரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

"வந்துட்டேன் சேர். மொதப் பஸ்லயே வந்துட்டேன். நான் பின்பக்கம் நின்னேன்."

"பின்பக்கமா? அங்க என்னா?"

"குசினிப் பக்கம் சேர்."

"வாசல் இந்தப் பக்கம் இருக்க, குசினிப் பக்கம் ஏன் போய் நின்னீங்க?"

அவள் ரோட்டோரத்து டர்பன்டைன் மரத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் அந்தத் தோட்டத்துல பொறந்தவ சேர். மேல்கணக்கு. பஸ்ல பாத்தேன்னு சொன்னது பொய். நாங்க பங்களாவுக்கு எப்பவும் அந்தப் பக்கமாத்தான் வருவோம். முன்பக்கம் ஒண்ணு இருக்குன்னே எனக்கு நெனப்பு வரல."

"ஸ்பீக்கர்ல இருக்கு பிள்ள," என்றார் சேர், மெதுவாக. சொல்ல வேண்டியதை முன்னாலேயே சொல்லாமல் விட்டதற்காக வருந்துவது போல.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அடப்பாவி, நாங்க ஆவிய எழுப்புற மாதிரி கத்துனோம், ஒனக்குக் கேக்கலியா?" என்றது நிரஞ்சனின் குரல். பகிடி பாதியில் இளைத்துப் போய், "சோறு எடுத்தியா?" என்று முடிந்தது.

"எடுத்தேன். நல்லாருந்துச்சு."

"அது ஹம்சினி வேல. நாய் தின்னுடும்னு என்னத் தூக்கி மாட்டச் சொன்னா."

புள்ளி விபரம் நாளைக் காலை கொழும்புக்குப் போக வேண்டுமென்று சேர் யாரிடமோ சொன்னார். வேனை ரெண்டு மணிக்கு ஒரு கலியாணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றான் நிரஞ்சன். திரும்பி ஏறினால் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டைப் பார்க்க முடியாதே என்றது இன்னொரு குரல். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே மறந்து, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தச் சத்தமெல்லாம் தூரப் போயிற்று. யாரோ போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

"சுதா, நான் ஹம்சினி. ஸ்பீக்கர நிப்பாட்டிட்டேன்."

"சோத்துக்கு ரொம்ப..."

"அத விடு. நான் ஒண்ணு சொல்லணும்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நீ அங்க நிப்பேன்னு எனக்குத் தோணுச்சு. எல்லாரும் கத்திக்கிட்டு நின்னாங்கள்ல, அப்பவே தோணுச்சு. பின்னால போயிப் பாக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"ஏன்?"

"சொன்னா, ஒனக்கு ஏன் அப்பிடித் தோணுச்சுன்னு கேப்பாங்க."

சுதர்ஷினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்கம்மா ஹோட்டல்லதான் வேல. பொய்யில்ல. ஆனா அது பழைய தொரை பங்களாவ மாத்துன ஹோட்டல். குசினியில. இன்னிக்கும் பின்னாலதான் செருப்பக் கழட்டி வச்சிட்டு உள்ள போகும். நான் ஒருக்கா முன்பக்கமா அம்மாவத் தேடிட்டுப் போயிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அம்மாதான் ஓடி வந்து கையப் புடிச்சு இழுத்துச்சு." ஹம்சினி கொஞ்சம் சிரித்தாள், அழுவதற்குப் பக்கத்துச் சிரிப்பு. "நீ இப்ப சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வரல. எனக்கு வராது."

"சேர் என்னா சொல்றாரு?"

"யோசிக்கிறாரு. நிரஞ்சன் கலியாண வீட்டுக்குப் போன் போட்டுக்கிட்டிருக்கான். நீ கீழ எறங்கி மெயின் ரோட்டுக்கு வந்துடேன். வந்தா ஏத்திக்கிட்டுப் போறோம்."

சுதர்ஷினி மேலே பார்த்தாள். மூட்டத்தில் பங்களா இல்லாமலே போயிருந்தது.

"இல்ல," என்றாள். "வாறதா இருந்தா மேல வாங்க. நான் பழையபடி குசினிப் பக்கந்தான் நிப்பேன். எனக்கு அங்கேருந்துதான் சொல்லத் தெரியும். முன்பக்கத்தப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது ஹம்சினி. வேன் வந்துச்சுன்னா, நீ அவங்களச் சுத்திக் கூட்டிட்டு வா."

"நானா?"

"வேற யாருக்கு அந்தப் பக்கம் தெரியும்?"

பதில் வருவதற்குள் கவரேஜ் போய்விட்டது. அவள் மறுபடி அழைக்கவில்லை.

மேலே ஏறி வந்து, புல்லில் தானே மிதித்த தடத்தில் சுற்றிப் போய், குசினி நிலையருகே நின்றாள். காலையில் நின்ற அதே இடம். தண்ணீர் அதே மாதிரிக் கொட்டியது. கலியாண வீட்டுக்காரர்கள் வேனைக் கேட்டிருப்பார்கள். சேருக்கு முழங்கால் வலித்திருக்கும். ஹம்சினி போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணியைக் குடித்து முடித்திருப்பாள், யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அதில் பிழை சொல்ல முடியாது. இத்தனை மாதம் தானும் சொல்லவில்லைதானே. அவர்கள் வரவில்லை என்றால் இன்னும் அரை வருடம் காத்திருந்து அடுத்த வகுப்போடு சுற்றிக் காட்ட வேண்டும். காட்டலாம். அதுவும் தெரியாத ஆட்களோடு.

மழை தூறத் தொடங்கியது. நிலைக்குள் ஒதுங்கினாள். கூரை இல்லாததால் ஒதுங்கியும் பயனில்லை.

எவ்வளவு நேரம் நின்றாளோ. முதலில் கேட்டது புல் விலகும் சத்தம். எருமை ஏதும் ஏறி வருகிறதோ என்று நினைத்தாள். அப்புறம் யாரோ வழுக்கி, "ஐயோ என் சப்பாத்து" என்று முனகினார்கள். அதற்கும் மேலே ஒரு பெண் குரல், வகுப்பில் அவள் கேட்டே இராத லயத்துப் பேச்சில், அதட்டிக்கொண்டு வந்தது.

"ஏ, பாத்து வாங்கப்பா! செவுத்த ஒட்டி நடக்காதீங்க. குசினித் தண்ணி போற கான் ஒண்ணு கெடக்கும், புல்லுல தெரியாது, கால விட்டா முட்டி போயிரும். சேர், நீங்க என் கையப் புடிச்சுக்குங்க. இந்தா, இப்பிடி, இப்பிடி."

ஹம்சினி பங்களாவின் இந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை. கான் இருப்பதை அவளிடம் யாரும் சொல்லவுமில்லை. ஆனால் அது அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது.

மூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நனைந்து, மூச்சு வாங்கி, காற்சட்டையெல்லாம் சேறாக. சேர், படியோரம் சாய்த்திருந்த கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டார். நிரஞ்சன் பீலியைப் பார்த்துவிட்டு, "இதுதானா எங்க சத்தத்தத் தின்னது?" என்றான். ஹம்சினி கடைசிப் படியில் நின்றுகொண்டாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லோரும் சுதர்ஷினியைப் பார்த்தார்கள். அவளுக்கு முதல் வரி மறந்துவிட்டது. தாளில் எழுதியது, சுவருக்குச் சொன்னது, காலையில் காற்றுக்குச் சொன்னது எதுவும் நினைவில் இல்லை.

"மொதல்ல எல்லாரும் கால்ல அட்டை ஏறியிருக்கான்னு பாத்துக்குங்க," என்றாள்.

எல்லோரும் குனிந்தார்கள். ஒருத்தி வீறிட்டாள். சேர் புள்ளி போடச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.